குஞ்சு வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால்: மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

பொரித்துச் சில நாளே ஆன கோழிக்குஞ்சு தும்மத் தொடங்கினால், பெரும்பாலோர் கை முதலில் போவது ஆன்டிபயாடிக் பக்கம்தான். பல நேரம் அந்தக் குஞ்சுக்கு முதலில் வேண்டியது மருந்தல்ல, நல்ல காற்று. தரையில் பரப்பிய கூளம் (உமி, மரச்சீவல் போன்றவை) ஈரமானால் கிளம்பும் அம்மோனியா, தூசி, பூஞ்சை விதைகள் ஆகியவை மூச்சுப்பாதையைப் புண்ணாக்கிவிட்டால், சாதாரணமாக ஒன்றும் செய்யாத கிருமிகூட உள்ளே இறங்கி உயிரை எடுத்துவிடும். காற்றைச் சரிசெய்யாமல் ஊற்றும் மருந்து பாதி வேலைகூடச் செய்யாது. அதனால் இந்தக் கட்டுரை காற்றில் தொடங்கி, நோய்களை அடையாளம் காண்பதற்குப் போய், மருந்தைக் கடைசியில்தான் தொடுகிறது. கோழி வளர்ப்பில் புதிதாக இறங்கியவர்களும் அதே வரிசையில் யோசிக்கப் பழகுவது நல்லது.

குஞ்சு மூச்சு விடும் விதம்

கோழியின் நுரையீரல் சிறியது. விலா எலும்புகளோடு ஒட்டியிருக்கும் அது, நம்முடையதைப் போல விரிந்து சுருங்குவதில்லை. காற்றை இழுத்துத் தள்ளும் வேலையைச் செய்பவை அதனோடு இணைந்த ஒன்பது காற்றுப் பைகள். கொல்லன் பட்டறைத் துருத்தி போல இவை உப்பி அடங்க, நுரையீரல் வழியாகக் காற்று ஓடுகிறது. கழுத்தடியிலிருந்து அடிவயிறு வரை இந்தப் பைகள் பரவியிருக்கின்றன. வளர்ந்த பறவையில் சில எலும்புகளுக்குள்ளும் நுழைகின்றன.

இந்த அமைப்பில் இரண்டு பலவீனங்கள் உண்டு. மூச்சோடு உள்ளே போன கிருமியோ பூஞ்சை விதையோ, நுரையீரலோடு நிற்காமல் உடலின் ஆழம்வரை போய்விடுகிறது. காற்றுப் பைகளின் சுவர் மிக மெல்லியது, அதில் இரத்த ஓட்டமும் குறைவு. அதனால் நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கே தாமதமாகத்தான் வந்து சேரும், மருந்தும் அப்படியே. ஒருமுறை காற்றுப் பையில் சீழ் தயிர்க்கட்டி போல உறைந்துவிட்டால், அதைக் கரைப்பது கடினம்.

மார்பையும் வயிற்றையும் பிரித்து, மூச்சுக்கு உதவும் உதரவிதானம் என்னும் தசையும் கோழிக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு ஓடும். மூச்சுத் திணறும் குஞ்சைச் சோதிப்பதற்காக இறுக்கிப் பிடித்தால், கையிலேயே அதன் உயிர் போகலாம். உள்ளங்கையில் உட்கார வைத்து, விரல்களைத் தளர்வாக மடக்கிக்கொள்ளுங்கள். மார்பை அழுத்தவே கூடாது.

மூச்சுக்குழலின் உட்புறம் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அலையலையாக அசைந்துகொண்டிருக்கும். மேலே ஒரு மெல்லிய சளிப்படலம். தூசியும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்ட, நுண்மயிர்கள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ள, குஞ்சு விழுங்கிவிடும். உடலின் முதல் காவல் இதுதான். அம்மோனியா முதலில் முடக்குவது இந்த நுண்மயிர்களைத்தான்.

நோயா, சூடா?

வாயைப் பிளந்த குஞ்சைப் பார்த்ததும் நோய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சூடு அதிகமானாலும் குஞ்சு அப்படித்தான் இரைக்கும். அப்போது அநேகமாக எல்லாக் குஞ்சுகளும் ஒரே நேரத்தில் இரைக்கும். சூடு தரும் விளக்கை விட்டு விலகி ஓரத்தில் போய், இறக்கையைச் சற்று விரித்து நிற்கும். மூக்கு காய்ந்திருக்கும், கண் தெளிவாக இருக்கும், மூச்சில் கறகறப்பு இருக்காது. விளக்கை உயர்த்தி இருபது நிமிடம் பொறுத்துப் பாருங்கள். இரைப்பு அடங்கிவிட்டால் அது சூடுதான்.

நோயில் வரும் திணறல் வேறு மாதிரி. கூட்டத்தில் சில மட்டும் பாதிக்கப்பட்டிருக்கும். அவை சூட்டை விட்டு ஓடாது. சூட்டைத் தேடிப் போய், இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து முன்னால் நீளும், வால் மேலும் கீழும் ஆடும். கழுத்தடியில், தின்றது தங்கும் தீவனப் பையைத் தடவிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு மட்டத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்து, 21 டிகிரி வரை கொண்டுவரலாம். வெப்பமானியைச் சுவரில் மாட்டாதீர்கள். சுவரில் 33 காட்டும்போது தரையில் 27 இருக்கலாம். முதல் இரண்டு வாரம் குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே சரியாகக் காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்த குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி குறையும், குறைந்ததும் சளி பிடிக்கும். விளக்கைப் புரூடரின் (குஞ்சுகளைச் சூடாக வைத்து வளர்க்கும் தடுப்பின்) ஒரு பக்கம் மட்டும் வைத்தால், சூடு வேண்டும் குஞ்சு கிட்டே போகும், வேண்டாதது விலகும். அவை நிற்கும் இடத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

இன்னொரு சின்னக் குறிப்பு: தூளாக இருக்கும் தீவனத்தைத் தின்றுவிட்டு ஒன்றிரண்டு தும்மல் போடுவது நோயில்லை. தீவனத் தட்டை விட்டு விலகிய பிறகும், தூங்கும்போதும் தும்மினால்தான் கவனிக்க வேண்டும்.

காற்றைச் சோதிப்பது

எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை, ஈரமும் சூடும் கிடைக்கும்போது பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. புரூடரில் சூடு எப்போதும் இருக்கும். ஆக, நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். காற்றில் அம்மோனியா பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டவே கூடாது, 10 பங்குக்குக் கீழே வைத்திருப்பது நல்லது. 20 பங்கிலேயே நீண்ட நேரம் இருந்தால் நுண்மயிர்கள் சேதமாகத் தொடங்கும்.

அளவிட நம் மூக்கே போதும், ஆனால் நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. வெளியே சில நிமிடம் நல்ல காற்றில் இருந்துவிட்டு வந்து, உட்கார்ந்து, தலையைக் குஞ்சின் உயரத்துக்கு இறக்கி முகருங்கள். வாடை அடித்தால் கூளம் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. கண் எரிந்தால் அளவு எப்போதோ மீறிவிட்டது. உள்ளேயே நின்று வேலை செய்பவருக்கு மூக்கு மரத்துப்போய்விடும். அதனால் "எனக்கு ஒன்றும் வாடை தெரியவில்லையே" என்பதை நம்ப முடியாது.

கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்து, கையை விரியுங்கள். உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம் மிகுதி. லேசாகச் சேர்ந்து, உடனே உதிர்ந்தால் சரியான பதம். துளியும் சேராமல் பறந்தால் மிகவும் காய்ந்திருக்கிறது, தூசி கிளப்பும். தண்ணீர்க் கலத்தைச் சுற்றியும் விளக்குக்கு நேர் கீழேயும் தனித்தனியாகப் பிழிந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக இருக்கும். பெரும்பாலும் ஈரம் தண்ணீர்க் கலத்தைச் சுற்றித்தான் தொடங்குகிறது. கலத்தின் விளிம்பைக் குஞ்சின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தினால் சிந்துவது பெரிதும் குறையும். நனைந்த இடத்தைக் கிளறி மூடாதீர்கள், அள்ளி வெளியே போடுங்கள்.

கூளம் 5 முதல் 8 சென்டிமீட்டர் தடிப்பாக இருக்கட்டும். பெரிய மரச்சீவல், நன்கு காய்ந்த உமி இரண்டும் ஏற்றவை. மாவு போன்ற மரத்தூள் வேண்டாம், அது நேரே மூச்சுக்குழலுக்குப் போகும். வாசனை மிகுந்த மரங்களின் சீவலும் மூச்சுப்பாதையை உறுத்தும். வைக்கோல் போடுவதானால் ஒவ்வொரு கட்டாகப் பிரித்து முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை, சாம்பல் படிவு, தட்டினால் புகை போல எழும் தூசி ஆகியவற்றில் எது இருந்தாலும் அதைக் குஞ்சுக்குப் போடக் கூடாது.

அம்மோனியா வாடையைப் போக்கக் கூளத்தின் மேல் சுண்ணாம்பு தூவுவது பரவலான பழக்கம். குஞ்சுகள் உள்ளே இருக்கும்போது அதைச் செய்ய வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. சுண்ணாம்பு கூளத்தின் காரத்தன்மையை உயர்த்தும். காரம் ஏற ஏற, கூளத்தில் அடைந்திருக்கும் அம்மோனியா வாயுவாக வெளியேறுவதும் கூடும். அன்றைக்குக் காற்று முன்பைவிட மோசமாகும். குஞ்சுகளை வெளியேற்றிய பிறகு, காலியான கொட்டகைத் தரைக்குப் பூசுவதற்குத்தான் சுண்ணாம்பு.

குளிருக்குப் பயந்து புரூடரை நாலா பக்கமும் பாலித்தீன் தாளால் மூடிவிடுவது இன்னொரு பெரிய தவறு. குஞ்சுகளின் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் கிளம்பும் ஈரம் வெளியே போக வழியில்லாமல், தாளின் உட்புறம் நீர்த்துளிகளாகப் படியும். அந்தத் துளிகளைப் பார்த்தாலே காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். குஞ்சின் உயரத்தில் காற்று நேரே வீசக் கூடாது, தலைக்கு மேல் தாராளமாகத் திறந்திருக்க வேண்டும். ஈரமும் சூடான கெட்ட காற்றும் மேலே எழும்பிப் போய்விடும். கீழே தடுப்பு, மேலே திறப்பு. இடமும் வேண்டும்: நான்கு வாரம் வரை குஞ்சுக்கு அரைச் சதுர அடி குறைந்தபட்சம். 50 குஞ்சுக்கு 25 சதுர அடி. அதில் 100 குஞ்சை நெருக்கினால் எந்தக் கூளமும் காயாது.

சூடாக்கக் கரி அடுப்போ கேஸ் அடுப்போ வைத்தால் அதன் புகையும் கார்பன் மோனாக்சைடும் குஞ்சுகளின் மேல் இறங்காதபடி வழி செய்யுங்கள். விடிந்து பார்க்கும்போது எல்லாக் குஞ்சுகளும் மயங்கிக் கிடந்தால், சளிக்கு முன் இதைச் சந்தேகியுங்கள். மின்விளக்கிலும் ஒரு ஆபத்து உண்டு. உடையாமல் இருக்க மேலே டெஃப்லான் பூச்சு பூசிய சூட்டு பல்புகள் கிடைக்கின்றன. அந்தப் பூச்சு சூடேறும்போது வெளிவரும் வாயு பறவைகளின் நுரையீரலைச் சிதைத்துக் கொன்றுவிடும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து, பூச்சில்லாத பல்பாக வாங்குங்கள்.

மூன்று கேள்விகள்

காற்று சரியாக இருந்தும் குஞ்சுகள் திணறினால், நோய் எது என்று ஊகிக்க மூன்று கேள்விகள் உதவும். மூச்சில் சத்தம் உண்டா? எத்தனை வேகமாகப் பரவியது? குஞ்சின் வயது என்ன?

சத்தத்தைக் கேட்க இரவுதான் நல்ல நேரம். விளக்கு தணிந்து, கீச்சொலி அடங்கிய பிறகு பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். பகலில் காதில் விழாத தும்மலும் கறகறப்பும் அப்போது தனித்துக் கேட்கும். சந்தேகப்படும் குஞ்சை மெதுவாக எடுத்து, அதன் முதுகைக் காதருகே பிடியுங்கள். சளி நிறைந்த மூச்சுக்குழலில் காற்று குமிழியிடும் ஓசையும், அடைத்த மூக்கின் சீழ்க்கையும் வேறு வேறாகத் தெரியும். அலகோரத்தில் ஈரமும் தூசியும் ஒட்டியிருக்கிறதா, கண்ணின் மூலையில் நுரை இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சத்தமே இல்லாமல் வாயைப் பிளந்து திணறுகிறது, வயது மூன்று வாரத்துக்குள், மூக்கில் ஒழுக்கும் இல்லை. இப்படி இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையால் வரும் புரூடர் நிமோனியா. பூஞ்சை பிடித்த கூளத்திலிருந்தோ தீவனத்திலிருந்தோ விதைகள் மூச்சில் போகும். இன்குபேட்டருக்குள் விரிசல் விட்ட, அழுக்கான முட்டைகளில் பூஞ்சை வளர்ந்திருந்தால், பொரிக்கும் அறையிலேயே தொற்றிக்கொண்டு, முதல் வாரத்திலேயே குஞ்சுகள் சாகத் தொடங்கும். இறந்த குஞ்சின் நுரையீரலிலும் காற்றுப் பைகளிலும் குண்டூசித் தலை அளவில் மஞ்சள் கலந்த வெள்ளை முடிச்சுகள் இருக்கும். இது குஞ்சிலிருந்து குஞ்சுக்குத் தொற்றாது. எல்லாம் ஒரே கூளத்தை மூச்சிழுப்பதால்தான் பல சேர்ந்து விழுகின்றன. ஆன்டிபயாடிக்குக்குப் பூஞ்சை கட்டுப்படாது. கூட்டமாக வளர்க்கும் குஞ்சுகளுக்கு நடைமுறையில் பயன்தரும் சிகிச்சையும் கிடையாது. கூளம் முழுவதையும் அன்றே மாற்றுவது, தீவனத் தட்டையும் தண்ணீர்க் கலத்தையும் கழுவிக் கிருமிநீக்கம் செய்வது, மோசமாகத் திணறுபவற்றைப் பிரிப்பது ஆகியவைதான் வழி. பழைய கூளத்தை வாரும்போது நீங்களும் முகக்கவசம் போடுங்கள். அந்த விதைகள் மனித நுரையீரலுக்கும் நல்லதல்ல.

நேற்று ஒன்றிரண்டு தும்மின, இன்று கூட்டம் முழுக்கத் தும்மல், கறகறப்பு, ஈரக் கண். இத்தனை வேகமாகப் பரவுவது பெரும்பாலும் வைரஸ். தொற்று மூச்சுக்குழல் அழற்சி, சுருக்கமாக ஐ.பி., இந்த வகையில் முதலாவது. கோழிகளைத் தாக்கும் ஒரு கொரோனா வைரஸ் அது. உடலில் நுழைந்து ஒன்றிரண்டு நாளில் அறிகுறி காட்டிவிடும். தனியாக வந்தால் ஓரிரு வாரத்தில் பெரும்பாலானவை தேறும். குளிரும் அம்மோனியாவும் ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவும் சேர்ந்தால் சாவு எண்ணிக்கை ஏறும். சில வகைகள் சிறுநீரகத்தையும் தாக்கும். முட்டைக்காக வளர்ப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: முதல் இரண்டு வாரத்துக்குள் ஐ.பி. தாக்கிய பெட்டைக் குஞ்சின் முட்டைக்குழாய் நிரந்தரமாகச் சேதமாகலாம். அது பார்வைக்கு நல்ல கோழியாக வளர்ந்து, கடைசிவரை முட்டையிடாமலே இருக்கும்.

மூச்சுத் திணறலோடு பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சலும், சில நாளில் கழுத்து முறுக்கிக்கொள்வதும், காலும் இறக்கையும் செயலற்றுப் போவதும் சேர்ந்தால் அது ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். எந்த அறிகுறியும் காட்டாமல் பல பறவைகள் திடீரென்று சாவது, முகம் வீங்கி நீலம் பாய்வது ஆகியவை பறவைக் காய்ச்சலை நினைவூட்ட வேண்டும். இந்த இரண்டிலும் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. இறந்ததை அறுத்துப் பார்க்காமல், வாரி எங்கும் கொண்டுபோகாமல், அரசுக் கால்நடை மருத்துவருக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.

இதற்கு நேர் எதிர், மெதுவாக ஊர்வது மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியா. அது தருவது நாள்பட்ட சுவாச நோய், பண்ணைகளில் சி.ஆர்.டி. என்பார்கள். கண்ணின் மூலையில் சோப்பு நுரை போலச் சிறு குமிழிகள், விட்டுவிட்டு வரும் தும்மல், எடை ஏறாமல் சிறுத்துப் போவது ஆகியவை இதன் முகம். கூட்டம் முழுக்கப் பரவ வாரக்கணக்கில் ஆகும். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடும். எனவே எத்தனை சுத்தமாக வளர்த்தாலும், நோயுள்ள தாய்க்கூட்டத்தின் குஞ்சை வாங்கினால் தப்ப முடியாது. குஞ்சு வாங்குமுன் "தாய்க்கூட்டத்துக்கு மைக்கோபிளாஸ்மா பரிசோதனை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்பது உங்கள் உரிமை. பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். இன்னொன்றும் உண்டு: இதிலிருந்து தேறிய குஞ்சு, கிருமியை உடலில் வைத்துக்கொண்டே திரியும். குளிரோ பயணக் களைப்போ வந்ததும் மறுபடி தலைகாட்டும், மற்றவற்றுக்கும் பரப்பும்.

மண்ணில் மேயவிட்ட குஞ்சு கழுத்தை நீட்டி, வாயை அகலப் பிளந்து, தலையை உதறிக்கொண்டே இருந்தால் மூச்சுக்குழல் புழு இருக்கலாம். மண்புழு, நத்தை வழியாக வரும் சிவப்பு நிறப் புழு அது. ஆணும் பெண்ணும் ஒட்டிப் பிணைந்து கவட்டைக் கம்பு வடிவில் குழலுக்குள் இருக்கும். விழுங்கிய முட்டை புழுவாக முதிர இரண்டு வாரமாவது ஆகும் என்பதால், புரூடரை விட்டு இறங்காத ஒரு வாரக் குஞ்சுக்கு இது வராது. முகம் ஒரு பக்கம் வீங்கி நாற்றமடிக்கும் கொரைசாவும், இரத்தச் சளி கக்கும் குரல்வளை அழற்சியும் பெரும்பாலும் வளர்ந்த கோழிகளின் நோய்கள்.

அன்றே செய்ய வேண்டியது

திணறும் குஞ்சைக் கண்டதும், காற்றைச் சரிசெய்யும் வேலையோடு, அதைத் தனி அட்டைப்பெட்டிக்கு மாற்றுங்கள். தூசி வராமலிருக்க அடியில் துணியோ சொரசொரப்பான காகிதத் துவாலையோ போதும். வழவழப்பான செய்தித்தாள் கால்களை வழுக்கிப் பிளந்துவிடும். அந்த வயதுக்கு உரிய சூட்டைவிட 2 அல்லது 3 டிகிரி கூடுதலாக வையுங்கள். சிலிர்த்து நடுங்குவதில் செலவாகும் சக்தி மூச்சு விடுவதற்கு மிஞ்சும்.

மூக்குத் துளை அடைத்திருந்தால், கால் லிட்டர் கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் 2 கிராம் உப்பைக் கரைத்து, அதில் பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுங்கள். காய்ந்த படிவைக் குச்சியால் நோண்டாதீர்கள். கண்ணுக்கும் அதே நீர்தான், ஆனால் ஒவ்வொரு கண்ணுக்கும் புதிய பஞ்சு.

தண்ணீர் குடிக்காத குஞ்சுக்கு வாயில் ஊற்றுவதுதான் பலரும் செய்வது, பல குஞ்சுகள் இறப்பதும் அதனால்தான். குஞ்சின் நாக்கை ஒட்டிப் பின்புறம், திறந்து மூடும் சின்னப் பிளவு ஒன்று தெரியும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். திணறும் குஞ்சுக்கு அது அடிக்கடி திறந்தபடி இருக்கும். ஊற்றிய நீர் நேரே அதற்குள் போய்விடும். அலகின் நுனியில், பக்கவாட்டில் ஒரே ஒரு துளி வைத்துக் காத்திருங்கள். குஞ்சு தானே அலகை அசைத்து விழுங்கிய பிறகு அடுத்த துளி. கால் தோல் சுருங்கி, வறண்டு, கருத்துத் தெரிந்தால் நீர் குறைந்துவிட்டது என்று பொருள். எலக்ட்ரோலைட் தூளைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கலந்து கொடுக்கலாம். சளி இளகும் என்று புரூடருக்குள் புகை போடுவது, காட்டமான வாசனைத் தைலங்களை வைப்பது இரண்டும் வேண்டாம். ஏற்கெனவே புண்ணான மூச்சுக்குழலை அவை இன்னும் உறுத்தும்.

வேலை வரிசையும் முக்கியம். நல்ல குஞ்சுகளுக்கு முதலில் தீவனம், தண்ணீர். நோயுற்றவற்றுக்குக் கடைசியில். அதன்பின் கை கழுவி, செருப்பையும் மாற்றிக்கொண்டுதான் மற்ற இடங்களுக்குப் போக வேண்டும்.

மருந்து எங்கே உதவும்

வைரஸுக்கும் பூஞ்சைக்கும் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஐ.பி. வந்த கூட்டத்தில் ஈ.கோலை மேலேறுவதைத் தடுக்க மருத்துவர் அதைத் தரலாம், அவ்வளவே. மைக்கோபிளாஸ்மாவுக்கு டைலோசின், டாக்சிசைக்ளின், டையமுலின் போன்றவை பயன்படுகின்றன. பெனிசிலின், அமாக்சிசிலின் வகைகள் அதன்மேல் எடுபடாது. அவை பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கும் மருந்துகள், மைக்கோபிளாஸ்மாவுக்கோ செல்சுவரே கிடையாது. கையில் இருக்கிறதே என்று எதையாவது கலந்து கொடுப்பது ஏன் வீண் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

குடிநீரில் தரும் டைலோசினுக்கு வழக்கமான அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், மூன்று முதல் ஐந்து நாள். இது மருந்தின் அளவு, தூளின் அளவல்ல. ஒவ்வொரு நிறுவனத்தின் தூளிலும் மருந்தின் பங்கு வேறுபடும், எனவே லேபிளைப் படித்து மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டுதான் அளக்க வேண்டும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். அந்த நாட்களில் வேறு தண்ணீர் எதுவும் கண்ணில் படக் கூடாது. இரண்டாம் நாளே தும்மல் நின்றது என்று நிறுத்திவிட்டால், மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

டையமுலினில் ஒரு கொடிய கண்ணி இருக்கிறது. இரத்தக் கழிச்சலைத் தடுக்கக் குஞ்சுத் தீவனத்தில் மோனென்சின், சாலினோமைசின், நராசின் ஆகியவற்றில் ஒன்றைக் கலந்திருப்பார்கள். இவற்றோடு டையமுலின் சேர்ந்தால் குஞ்சுகள் நடக்க முடியாமல் விழுந்து இறந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது தீவன மூட்டையின் லேபிளையும் கொண்டுபோங்கள்.

சாவு தொடர்ந்தால் ஊகத்தில் மருந்து மாற்றிக்கொண்டே போவதைவிட, புதிதாக இறந்த ஒன்றிரண்டு குஞ்சுகளைப் பரிசோதனைக்கு அனுப்புவது எவ்வளவோ மேல். இரண்டு பாலித்தீன் பைகளில் போட்டு, பனிக்கட்டிப் பைகளோடு குளிராக வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். உறைய வைத்தால் திசுக்கள் சிதைந்து, பார்க்க வேண்டியது தெரியாமல் போகும்.

தடுப்பூசிக்குப் பின் வரும் தும்மல்

ராணிக்கெட், ஐ.பி. ஆகியவற்றுக்கான உயிர்த் தடுப்பு மருந்துகளைக் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடுவார்கள். மூன்று முதல் ஐந்து நாள் கழித்து லேசான தும்மல் வந்து, சில நாளில் தானே அடங்கும். மருந்து பிடித்திருக்கிறது என்பதன் அடையாளம் அது. அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, குஞ்சு தீவனத்தை விட்டாலோ, கறகறப்பு கூடினாலோ மட்டும் மருத்துவரைப் பாருங்கள். நீடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு: அந்த வாரம் அம்மோனியா அதிகமாக இருந்தது, அல்லது சொட்டு எல்லாக் குஞ்சுக்கும் சரியாகச் சேரவில்லை. தவறியவை மற்றவற்றிடமிருந்து தடுப்பு வைரஸைப் பின்னால் பிடித்துக்கொள்ள, தும்மல் சுற்றிச் சுற்றி வரும். சொட்டு விட்டதும் குஞ்சைக் கீழே விடாமல், அது கண் சிமிட்டி மருந்து உள்ளே போகும்வரை பிடித்திருங்கள். ஏற்கெனவே சளி பிடித்த குஞ்சுக்கு அன்று மருந்து விடக் கூடாது.

அடுத்த கூட்டம் வருமுன்

தேறிய குஞ்சுகளோடு புதிய குஞ்சுகளைச் சேர்க்க வேண்டாம், வெவ்வேறு வயதுக் கூட்டங்களை ஒரே கொட்டகையில் வைக்கவும் வேண்டாம். வெளியிலிருந்து வரும் பறவையை 30 நாள் தனியே வைத்துக் கவனியுங்கள்.

காலியான புரூடரைச் சுத்தம் செய்வதில் வரிசை தவறக் கூடாது. முதலில் கூளம் முழுவதையும் வாரி அகற்ற வேண்டும். தூசி பறக்காமல் இருக்க லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். பிறகு சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, காய விட வேண்டும். எச்சம் ஒட்டியிருக்கும் பலகையில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. காய்ந்த பிறகு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து பூசி, பத்து நிமிடமாவது ஈரமாக நிற்க விட்டு, கழுவி, வெயிலில் உலர்த்துங்கள். கழுவாத, அம்மோனியா வாடையடிக்கும் கூளத்தின் மேல் பிளீச்சை ஒருபோதும் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்து குளோரமைன் என்னும் நச்சு வாயு எழும், அது ஊற்றுபவரின் மூச்சையே அடைக்கும். உலர்ந்த புரூடரைக் குறைந்தது இரண்டு வாரம் காலியாக விட்டு, புதிய கூளம் போட்டு, குஞ்சுகள் வருவதற்கு முதல் நாளே விளக்கை எரியவிட்டுத் தரைச் சூட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.